ஹட்டன் பக்கத்து பேஸ் கிட்டார்காரருக்கு: புது வாத்தியத்துக்கு முன்னால் வாங்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் ஒரு தம்பி, கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போகும் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். கையில் இருப்பது பழைய நான்கு கம்பி வாத்தியம். சேர்த்து வைத்த பணத்தில் ஐந்து கம்பி பேஸ் வாங்குவதா, 300 வாட் ஆம்ப் வாங்குவதா என்று கேட்கிறார். லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில் இருந்தே பதிவு செய்து கொழும்பில் ஒருவருக்கு அனுப்பும் வேலையும் வந்திருக்கிறது. கைப்பேசியை ஆம்புக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தால் சில சுரங்கள் மட்டும் முட்டிக்கொண்டு வருகின்றன, ஓயாமல் ஓர் இரைச்சலும் கேட்கிறது என்கிறார்.

தம்பி, இரண்டையுமே இப்போது வாங்காதீர்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய நாளிலிருந்து நம் நாட்டில் வாத்திய விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு பணத்தை ஒரே பொருளில் கொட்டுவதற்கு முன், இப்போது கையில் இருக்கும் பேஸ் எந்த மேடையிலும் ஒரே மாதிரி ஒலிக்க என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். மலையகத்தில் வாசிப்பவருக்கு ஒலியைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று: ஈரம், மின்சாரம், வாடகை சவுண்ட் செட். ஐந்தாவது கம்பி இவற்றில் எதையும் தீர்க்காது.

ஐந்தாவது கம்பியையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் திறந்த சுரமான பி ஏறத்தாழ 31 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 31 அதிர்வு. உங்கள் ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ். தொழிலாளர்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கட்டும் மேடைக்கு வரும் 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடுகின்றன. அதாவது உங்கள் ஈ கம்பியின் அடிச்சுரத்தைக்கூட அவை முழுதாகத் தருவதில்லை. 82, 123 ஹேர்ட்ஸில் வரும் மேற்சுரங்களைக் கேட்டுக் காதுதான் அந்த ஈயை நிரப்பிக்கொள்கிறது. 31 ஹேர்ட்ஸை அந்தப் பெட்டிக்குள் அனுப்பினால் ஸ்பீக்கரின் கூம்பு வீணாக ஆடும், ஒலி வராது. பாடகருக்காகச் சுருதி இறங்கி ஒரு பாட்டுக்குத் தாழ்ந்த டி தேவைப்பட்டால், ஈ கம்பியை ஒரு முழுச்சுரம் இறக்கிக்கொள்ளுங்கள், போதும். ஸ்டூடியோ வேலை தொடர்ந்து வந்து, தாழ்ந்த சியையும் பியையும் கேட்கிறார்கள் என்ற நிலை வரும்போது ஐந்து கம்பியைப் பற்றி யோசிக்கலாம்.

300 வாட் ஆம்ப் பற்றி: வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். உங்களிடம் இருக்கும் 30 வாட் ஆம்பிலிருந்து 300க்குப் போனால் கிடைப்பது அந்த ஒரு இரட்டிப்பு. அதற்காக இருபது கிலோவுக்கு மேலான ஒரு பெட்டியைத் தோட்டத்துப் பாதையில் தூக்கி, ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் கண்டக்டரிடம் பேச்சு வாங்க வேண்டும். நம் பக்கத்து மேடைகளில் கூட்டத்துக்குக் கேட்பது சவுண்ட் செட்டிலிருந்து வரும் பேஸ். ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். இருக்கும் சிறிய ஆம்பை ஒரு பிளாஸ்டிக் கூடையின் மேல் ஏற்றி, உங்கள் காதைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கும்.

ஆகவே முதல் செலவு ஒரு டிஐ பொக்ஸ், பேஸின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. அது ஏன் வேண்டும் என்றால், பற்றரி இல்லாத சாதாரண பேஸின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), தன்னை இணைக்கும் கருவியின் உள்ளீட்டு மின்தடை பெரிதாக, பத்து லட்சம் ஓம் அளவில் இருப்பதை எதிர்பார்க்கிறது. மிக்ஸரின் லைன் உள்ளீடு பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான் இருக்கும். நேரே குத்தினால் மேல் ஒலியெல்லாம் செத்து, கம்பளிக்குள் இருந்து வாசித்ததுபோல மந்தமாகிவிடும். சவுண்ட்காரர் அதைச் சரிசெய்ய ட்ரெபிளை ஏற்றுவார். இரைச்சலும் சேர்ந்து ஏறும். நீண்ட கேபிளும் மேல் ஒலியைத் தின்னும். ஆகவே பேஸிலிருந்து டிஐக்கு மூன்று மீற்றர், அங்கிருந்து மிக்ஸருக்கு, மைக்குக்குப் போடும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கேபிளில் மேடைக்கு வேண்டிய தூரமெல்லாம் போகலாம். சவுண்ட்காரரிடம் டிஐ இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அவரிடம் இருப்பது கீபோர்டுக்குப் போய்விடும்.

வாங்கும்போது அந்தப் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகும்போது வரும் இரைச்சலை அந்தச் சுவிட்ச் ஆபத்தில்லாமல் துண்டிக்கும். இதைச் செய்வதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களை நம் மேடைகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்கிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. நம் மேடைகள் பலவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கோயிலில் இருந்து ஒரு வயர், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்து ஒரு வயர், பக்கத்து லயத்தில் இருந்து இன்னொன்று. பழைய லயங்களில் பல வீடுகளுக்கு எர்த் கம்பி ஒழுங்காக இல்லை. உங்கள் ஆம்ப் ஓரிடத்தில், மிக்ஸர் வேறோரிடத்தில் குத்தப்பட்டிருக்கிறது. இரண்டில் ஒன்றில் எர்த் பிழையாக இருந்து ஏதோ ஒரு கருவி கசிந்தால், உங்கள் கை இருக்கும் கம்பிக்கும் உதடு தொடும் மைக்குக்கும் இடையே 230 வோல்ட் வரலாம். 1972இல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸில் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். மழை ஊறிய தரையில் செருப்பில்லாமல் நிற்கும் நம்மவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சோதிப்பது எளிது. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றரை வாங்கிக் கிட்டார் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி வோல்ட்டில், 230க்கு மேல் காட்டக்கூடிய அளவில் வைத்து, ஆம்பில் பேஸை இணைத்த பிறகு, ஒரு முனையைப் பேஸின் உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜில் வையுங்கள். மற்ற முனையை மைக்கின் கம்பி வலையில் வையுங்கள். முனைகளின் பிளாஸ்டிக் பிடியை மட்டும் தொடுங்கள். பூச்சியத்தை ஒட்டி நின்றால் வாசிக்கலாம். பத்து இருபது வோல்ட் என்று காட்டத் தொடங்கினாலே நிறுத்திவிட்டு, மேடைக் கருவிகள் அனைத்தையும் எர்த் உள்ள ஒரே மூலத்தில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள். குழுவே சேர்ந்து, 30 மில்லி ஆம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் பொருத்திய ஒரு நீட்டிப்புப் பெட்டியை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்வது, எந்த எஃபெக்ட் பெடலையும்விட நல்ல முதலீடு. பாடகர் அவசரப்படுவார், கல்யாண வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். இருந்தாலும் அளக்காமல் வாசிக்காதீர்கள்.

ஜெனரேட்டர் என்றால் அது ஓடி நிலைத்த பிறகு ஆம்பைப் போடுங்கள். அதை நிறுத்தும் முன் ஆம்பை அணைத்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் நம் மலைகளில் வழக்கம். வீட்டில் என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும்.

இரைச்சலில் இன்னொரு பங்கு பிக்கப்புடையது. உங்கள் பேஸ், அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1957இல் பிரெசிஷன் பேஸில் கொண்டுவந்த இரண்டாகப் பிளந்த பிக்கப் வகை என்றால், அதன் இரு பாதிகளும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். 1960இல் வந்த ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு வொல்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் எழும். மின்விளக்குத் தோரணம் கட்டிய மேடையில் இந்த ஒரு விஷயம் தெரிந்திருப்பது பெரிய நிம்மதி.

இனி ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தை நனைக்கிறது. அதே காலத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று. டிசம்பருக்குப் பிறகு அவர்களுக்கு மழை. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி கூடப் படிகிறது. ஒரு குழு ஒரே மாதத்தில் இந்த மூன்று காலநிலையிலும் வாசிக்கிறது. மரத்தால் ஆன நெக், அதாவது வாத்தியத்தின் கழுத்து, இதற்கெல்லாம் வளைந்து கொடுக்கும். எந்தப் பக்கம் வளையும் என்பது அந்தந்த மரத்தைப் பொறுத்தது.

அதைப் பார்க்கும் முறை: வாத்தியத்தைச் சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையிலேயே மடியில் வையுங்கள். ஈ கம்பியை முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இடக்கையால் அழுத்துங்கள். நெக் உடலோடு சேரும் இடத்தில், ஏறத்தாழ 17ஆவது ஃபிரெட்டில், வலது முழங்கையாலோ கட்டை விரலாலோ அழுத்துங்கள். இப்போது கம்பி ஒரு நேர்கோல். ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்ட் தொட்டும் தொடாமலும் நுழைந்தால், அதாவது 0.3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால், சரி. இடைவெளி அதிகமென்றால், நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ரொட்டை வலப்பக்கம் கால் சுற்று முறுக்குங்கள். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃபிரெட்டில் கிடந்தால் இடப்பக்கம் கால் சுற்று. பிறகு மீண்டும் சுருதி சேர்த்துப் பாருங்கள். ஓர் இரவு விட்டு மறுநாளும் பாருங்கள். பொருந்தாத சாவியால் திருகினால் அதன் தலை சிதைந்துவிடும், அதைப் பழுதுபார்ப்பது கடினம். சாவி இறுக்கமாகப் பிடித்தால் மட்டும் கை வையுங்கள். உங்கள் பழைய வாத்தியத்தை நல்ல ஒருவரிடம் கொடுத்து ஒரு தடவை முழுமையாகச் செட்-அப் செய்துகொண்டால், அது புதுசுதானோ என்று தோன்றும் அளவுக்கு மாறும். உங்கள் இரண்டாவது செலவு அதுவாக இருக்கட்டும்.

மூன்றாவது செலவு கம்பி. உருண்டையான இழை சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பியின் சுற்றுகளுக்கிடையே வியர்வையும் பனியும் தங்கி, பளபளப்பான ஒலி சீக்கிரமே மங்கிவிடும். ஃபிளாட்வவுண்ட் கம்பி தட்டையாகச் சுற்றப்பட்டிருப்பதால் அழுக்குப் பிடிக்க இடம் குறைவு. விலை அதிகம் என்றாலும் வருடக்கணக்கில் நிற்கும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் பிரெசிஷன் பேஸில் அந்த வகைக் கம்பியைத்தான் போட்டிருந்தார், அதை மாற்றுவதும் அரிது. பழைய தமிழ்ப் பாடல்கள் அதிகமாக வாசிக்கும் குழுவுக்கு அந்த உருண்ட, குறுகிய ஒலி மிகப் பொருத்தம். விரலால் அறைந்து வாசிக்கும் புதிய பாடல்கள் அதிகமென்றால் ரவுண்ட்வவுண்டே இருக்கட்டும். வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலுமாகப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள்.

பனிக்குள் வேனில் வந்து, கூட்டம் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்திலும் ஆம்புக்குள்ளும் நீர் பூக்கும். அரை மணித்தியாலம் மூடியபடியே விட்டுவிட்டு, பிறகு எடுங்கள். குளிரில் சேர்த்த சுருதி கையின் சூட்டில் இறங்கும் என்பதையும் நினைவில் வைத்து, இரண்டு பாட்டுக்குப் பின் ஒரு தடவை டியூனரைப் பாருங்கள். தப்புக்காரர் தோலை நெருப்பில் காட்டி இறுக்குவதற்கு எவ்வளவு பொறுமையாக நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். குளிர் அவருக்கும் நமக்கும் ஒன்றுதான்.

தப்போடும் உறுமியோடும் சேர்ந்து வாசிக்கும்போது பேஸ்காரருக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. உறுமியின் இழுப்பு உங்கள் தாழ்ந்த சுரங்களோடு மோதும். அங்கே நீண்ட சுரங்களை விட்டுவிட்டு, உள்ளங்கையால் அமுக்கிக் குறுக்கி வாசியுங்கள். நம் நாட்டு ஆட்டப் பாட்டான பைலா வந்தால் ஆறெட்டுத் தாளத்தில் மூலச்சுரமும் ஐந்தாம் சுரமும் போதும். ஆடுகிறவர்களின் கால் உங்களைக் கேட்டுத்தான் விழுகிறது, இடையில் வித்தை காட்டினால் ஆட்டம் குழம்பும். இளையராஜா பாடல்களில் நேர்மாறு. அங்கே பேஸ் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடுகிறது. அவருக்குப் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனின் வரிகளை மாற்றினால், கேட்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கீத் பீற்றர்ஸ் வாசித்தவற்றையும் இப்படியே ஒவ்வொரு சுரமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், கைப்பேசி ஸ்பீக்கரில் பேஸே இல்லை.

இப்போது காம்பராப் பதிவு. பழைய லய அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒலி இரண்டு சுவருக்கு நடுவில் மோதித் திரும்பும்போது, அறையின் நீளத்துக்குப் பொருந்தும் சுரம் வீங்கும். பத்தடிக்கு அது ஏறத்தாழ 56 ஹேர்ட்ஸ். உங்கள் திறந்த ஏ கம்பி 55. பன்னிரண்டடிக்கு ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில் இருக்கும் எஃப் ஷார்ப் அதற்கு மிக அருகில், 46. ஈ கம்பியில் திறந்த சுரத்திலிருந்து ஐந்தாவது ஃபிரெட் வரை ஒரே அழுத்தத்தில் வாசித்துப் பாருங்கள். எஃப் ஷார்ப்பும் ஏயும் முட்டினால் குற்றம் உங்கள் விரலிலும் இல்லை, பேஸிலும் இல்லை. சுவர் ஓரம் போனால் வீக்கம் கூடும், அறையின் நடுவில் அந்தச் சுரங்களே காணாமல் போகும். தகரக் கூரையில் மழை பெய்தால் அதுவும் பதிவில் ஏறும்.

அதனால் அறையையே தவிர்த்துவிடுங்கள். நான்காவது செலவாக பேஸின் ஒலியை மடிக்கணினிக்குள் கொண்டுபோகும் ஒரு சிறிய ஒடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, அதன் கிட்டார் உள்ளீட்டில் பேஸை நேரே குத்துங்கள். ஜேமர்சனின் புகழ்பெற்ற பதிவுகளும் ஆம்ப் இல்லாமல் நேரடியாக மிக்ஸருக்குப் போனவைதாம். காதை முழுதாக மூடும் ஹெட்போன் போடுங்கள். பதிவு மென்பொருளை 24 பிட், 48 கிலோ ஹேர்ட்ஸில் வையுங்கள். மிகப் பலமாக அடிக்கும்போதும் மென்பொருள் காட்டும் அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் பதிவு செய்யுங்கள். எர்த் இல்லாத வீட்டில் உங்களை வதைக்கும் இரைச்சலில் பெரும்பகுதி அத்தோடு போய்விடும். மின்வெட்டு வந்தாலும் பதிவு நிற்காது.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்று தொழில் சுகாதார அளவுகோல் சொல்கிறது. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். டிரம்ஸின் சிம்பலுக்குப் பக்கத்தில் நாலு மணித்தியாலம் நிற்பவர் நீங்கள். இசைக்காரர்களுக்கான காதடைப்பான் ஒரு செட் பேஸ் கம்பியைவிட மலிவாகவே கிடைக்கும், பேஸ் அதற்குள்ளும் நன்றாகக் கேட்கும்.

கொழும்புக்கு அனுப்பும்போது எஃபெக்ட் எதுவும் போடாத சுத்தமான கோப்பைக் கட்டாயம் அனுப்புங்கள். உங்களுக்குப் பிடித்த ஒலியில் இன்னொன்றும் வேண்டுமானால் தனியாக அனுப்பலாம். பேஸ் இரண்டாவது சரணத்தில் நுழைந்தாலும் கோப்பு பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், அப்போதுதான் கொழும்பில் இருப்பவர் அதைப் பாட்டோடு வைத்தவுடன் பொருந்தும். பெயரில் பாட்டு, சுருதி, வேகம், எத்தனையாவது வாசிப்பு என்று எழுதுங்கள். முற்பணத்தையும் திருத்தம் எத்தனை தடவை என்பதையும் வாசிப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.